டிராம் ஓட்டுகிறவர்கூட

ஜனவரி 18, ஞாயிறு

மிலான் வந்து இறங்கிவிட்டேன். விசாவுக்கு அலைந்தது, இரண்டு இடத்தில் விமானம் மாறியது எல்லாம் எழுத வேண்டியதில்லை. சிபியைப் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில், ஓரத்திலிருந்து மூன்றாவது கட்டில். தலையில் கட்டு, வாயில் குழாய், கண் மூடியிருக்கிறான். சைக்கிளில் போகும்போது டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் சக்கரம் மாட்டி விழுந்தானாம். தலை கல்தரையில் மோதியிருக்கிறது. முதுகில் பெரிய சதுரமான சாப்பாட்டுப் பை இருந்ததாகப் போலீஸார் சொன்னார்கள். நண்பர்களுக்கு வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

டாக்டர் பேசியதை ரோஸ்லின் என்ற நர்ஸ் தமிழில் சொன்னாள். மலையாளத்துப் பெண், கோயமுத்தூரில் படித்தவள். "வெய்ட் பண்ணணும் அங்கிள். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது." எனக்கு அந்தப் பேச்சு தெரியும். சரக்கு வராது என்று நேரே சொல்ல மனமில்லாதவன் அப்படித்தான் சொல்வான். ஆனால் டாக்டர்கள் வியாபாரிகள் இல்லை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. எனக்கும் சிபிக்கும் ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. போன சித்திரையில் ஊருக்கு வந்தவன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அப்பா, அந்த ஊர்ல டிராம் ஓட்டறவர்கூட நம்மூரு மொதலாளிங்களவிட நல்லா உடுத்துவாருங்கப்பா."

நான் விடவில்லை. "எந்த ஊரா இருந்தாலும் சாதாரண ஆளு மலிவா எது கெடைக்குதோ அதத்தான்டா போடுவான். அவன நம்பித்தான் உங்கப்பன் கடை வெச்சிருக்கறேன். பேரு பெருசா இருக்கற ஊர்ல நாலு பேரு கண்ணாடிக்குள்ள நல்லா நிப்பான். ரோட்ல போறவன் நம்மளாட்டத்தான் இருப்பான்."

"வந்து பாருங்கப்பா. பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான்.

பேச்சு அதிலிருந்து மிலானில் அவன் படிக்கும் படிப்புக்குப் போயிற்று. இனிமேல் பணம் கிடையாது, வந்து கடையில் உட்கார் என்று நான் சொன்னது ஒரு பேரப் பேச்சு. எதிராளி இறங்கி வருவான் என்று சொல்வதுதான். அவன் இறங்கி வராமல் விமானம் ஏறிவிட்டான். அதற்கப்புறம் பேச நேரம் அமையவில்லை. சீசன்.

இப்போது வந்து பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் உள்ளே விடுகிறார்கள். மற்ற நேரத்தில் வேடிக்கை பார்த்து எழுதி வைக்கிறேன். அவன் கண் திறந்ததும் படித்துக் காட்ட வேண்டும்.

ஜனவரி 19, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு எதிரே டிராம் நிறுத்தம். அதன் பெரிய விளம்பரப் பலகையில் ஒரு இளைஞன், ஒட்டகமுடி நிறத்துக் கோட்டு, தோளில் சும்மா போட்ட ஸ்வெட்டர், கன்னம் ஒட்டிய முகம். அந்தப் பலகையின் கீழே நின்ற ஆண்களைப் பார்த்தேன். எல்லோரும் மெத்தை தைத்த மாதிரி கோடு கோடான கறுப்பு ஜாக்கெட். ஒருவனுக்கு முழங்காலில் துணி தொளதொளத்த ட்ராக் பேண்ட். ஒருவனுடைய பனியனில் துணி முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் வயிற்றுக்கு வந்திருந்தது. எங்கள் சரக்கில் அப்படி இருந்தால் ஈரோட்டுச் சந்தைக்காரன்கூட வாங்க மாட்டான்.

நான் நூல் பிசிறு வெட்டுகிற பையனாகப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவன். இன்று எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சுகிற சரக்கையும் பழுதான செகண்ட்ஸையும் மொத்த லாட்டாக எடுத்துத் திருப்பூர்க் காதர்பேட்டையில் விற்கிறேன். ஒருவன் நடந்து வருகிற தூரத்திலேயே அவன் போட்டிருப்பது என்ன துணி, எத்தனை சலவை கண்டது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணை வைத்துச் சொல்கிறேன், திருப்பூர் பஸ் நிலையத்தில் நிற்கிற கூட்டம் இதைவிட மோசமில்லை.

இன்றைய கணக்கில் நான்தான் முன்னால்.

சிபி அப்படியே இருக்கிறான்.

ஜனவரி 20, செவ்வாய்

மழை. மாற்றம் இல்லை.

ஜனவரி 21, புதன்

சிபி இருந்த அறையில்தான் தங்கியிருக்கிறேன். கூட இருப்பவன் பெங்களூர்க்காரன், வேலை தேடி வேறு ஊர் போயிருக்கிறான். சாவியை வீட்டுக்காரி கொடுத்தாள். சோறு வடித்தேன். தயிர் கிடைக்கிறது, புளிப்பு ஏறவில்லை. அவனுடைய துணிகளைத் துவைத்துப் போட்டேன். இரண்டு ஜீன்ஸ், சாயம் வெளுத்த பனியன்கள், அதே கறுப்பு மெத்தை ஜாக்கெட். வெள்ளைச் சட்டை ஒன்றுதான் நல்லது. என்னைச் சொல்ல வந்துவிட்டான், இவன் பீரோவே என் பக்கம் சாட்சி சொல்கிறது. கதவுக்குப் பின்னால் முதுகில் பளபளக்கும் பட்டை வைத்த மழை ஜாக்கெட் ஒன்று மாட்டியிருந்தது. ஏதாவது விளையாட்டுக் குழுவின் ஜாக்கெட்டாக இருக்கும்.

சிபியின் அம்மா பூங்கொடி போனில் அழுதாள். "ஏனுங்க, அவங்கிட்டப் பேசுங்க. காது கேக்குமாமா. நம்ம டாக்டரு சொன்னாரு."

"பேசறேன்."

"என்னத்தப் பேசறீங்க?"

"நூல் வெல ஏறுனதச் சொன்னேன்."

அப்புறம் சொன்னாள்: "ஞாயித்துக்கெழமையானா உங்களுக்குத்தானுங்க மொதல்ல போன் போடுவான். நீங்க எடுக்கலீன்னாத்தான் எனக்குப் போடுவான். 'அப்பா கடையில இருப்பாரு, உடுங்கம்மா'ம்பான்."

ஞாயிற்றுக்கிழமை வெளியூர் வியாபாரிகள் வருகிற நாள். மூச்சுவிட நேரமிருக்காது. அது அவளுக்கும் தெரியும்.

ஜனவரி 23, வெள்ளி

சிபிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசான அம்மா. பெயர் இனெஸ். பக்கவாதம் வந்து நினைவில்லாமல் கிடக்கிறார். அவருடைய கணவர் இரண்டு வேளையும் வருகிறார். இந்த ஊரில் நான் பார்த்ததிலேயே நன்றாக உடுத்திய ஆள் இவர்தான் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, பழசு, ஆனால் தோள் தையல் இன்னும் தோளில் நிற்கிறது. வெள்ளைச் சட்டை, காலர் முனை தேய்ந்ததைத் திருப்பித் தைத்திருக்கிறார். கரும்பச்சை டை. ஷூவில் முகம் பார்க்கலாம். உள்ளே போகும்போது எல்லோருக்கும் ஒரு பச்சை அங்கி மாட்டிவிடுகிறார்கள். அவ்வளவும் அதற்குள் மறைந்து டை முடிச்சு மட்டும் தெரிகிறது. அதற்காகவா இத்தனை?

பழைய முதலாளியாகவோ வக்கீலாகவோ இருப்பார். வழக்கு சாதாரண ஆட்களைப் பற்றியது. இவர் கணக்கில் வரமாட்டார்.

ஜனவரி 25, ஞாயிறு

வெளி வராந்தாவில் அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயர் ஆர்தூரோ. காபி வாங்கிக் கொடுத்தார். ஒரு மடக்குதான் இருந்தது, அதுவும் கசப்பு. ரோஸ்லின் வேலை முடிந்து கிளம்பியவளை நிறுத்தி, நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்.

நான் என்ன தொழில் என்று கேட்டார். துணி வியாபாரம் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மச்சான் இரவல் கொடுத்த கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் ஈரிழைத் துண்டு. ஏதோ சொல்லிச் சிரித்தார். ரோஸ்லின் சொல்லத் தயங்கினாள்.

"சும்மா சொல்லும்மா."

"உங்க மகன் கண்ணு திறந்து பாத்தா, திருடன் வந்துட்டான்னு மறுபடி மூடிக்குவானாம் அங்கிள்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்து முதல் சிரிப்பு. செக்கு வைத்திருப்பவன் தன் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டான் என்று சொல்லச் சொன்னேன். அவளுக்குச் செக்கு என்ன என்று விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

பிறகு கேட்டேன்: "அந்தம்மாதான் கண்ணத் தொறக்கறதில்லியே. யாரு பாக்கறதுக்கு இந்த டை?"

அவர் யோசிக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இனெஸ் இவருடைய உடுப்பைப் பற்றித் திட்டாத நாள் கிடையாதாம். இப்போது அவள் எந்த நிமிஷமும் கண் திறக்கலாம். திறந்ததும் திட்ட ஒரு சாக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்றார்.

கிளம்பும்போது கேட்டேன், "என்ன வேலையில இருந்தாருன்னு கேளும்மா."

அவர் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். நிறுத்தத்தில் ஒரு மஞ்சள் டிராம் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஓய்வு பெறும்வரை டிராம் ஓட்டியிருக்கிறார். சிபி எப்படி விழுந்தான் என்று ரோஸ்லினிடம் முன்பே கேட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் ஷூவையே பார்த்தார்.

ஒரு ஆளை வைத்துச் சந்தையைச் சொல்ல முடியாது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 26, திங்கள்

வீட்டுக்காரியிடம் இஸ்திரிப் பெட்டி வாங்கினேன். என் பேண்ட்டுகள் எல்லாம் ஈரம். இந்த ஊரில் எதுவும் காய்வதில்லை. என் பயணப் பெட்டியின் அடியில், பொங்கலுக்குச் சிபிக்கென்று எடுத்த மயில்கண் கரை வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. "அவன் எந்திரிச்சு வரும்போது கட்டிக் கூட்டியாங்க" என்று பூங்கொடி வைத்து அனுப்பியது. சிபிக்கு வேட்டி கட்டத் தெரியாது. இடுப்பில் ஒட்டிக்கொள்கிற ஒட்டு வேட்டிதான் கட்டுவான், அதையும் பெல்ட் போட்டு.

அவன் எழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று அதை நானே கட்டிக்கொண்டேன். என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டேன். குல்லாவைக் கழற்றினேன். டிராமில் எல்லோரும் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆர்தூரோ என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். தன் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக் குனிந்தார். கிண்டல்தான். ஆனால் முழுக்கக் கிண்டல் இல்லை.

பச்சை அங்கிக்குக் கீழே வேட்டிக் கரை தெரிந்தது. சிபியின் கண்ணுக்கு நேராக நின்று, "சாமி, அப்பா வந்திருக்கறேன். பாரு, தேச்சுப் போட்டிருக்கறேன்" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

இந்த ஊர்க் குளிருக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது.

ஜனவரி 28, புதன்

மாலை ஆஸ்பத்திரி விட்டு வரும்போது தெருமுக்கில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நாலைந்து பையன்கள் சைக்கிளோடு நின்றார்கள். ஒவ்வொருவன் முதுகிலும் சதுரமான பெரிய பை. பளபளக்கும் பட்டை வைத்த அதே மழை ஜாக்கெட். குளிருக்கு உள்ளங்கையில் பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தார்கள். கடைக்காரன் பொட்டலத்தைக் கொடுத்ததும் ஒருவன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாகப் போனான். அவன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர்கள் உடுப்பை வழக்கில் சேர்க்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

டாக்டர் இரண்டு பேர் வந்து உட்காரச் சொன்னார்கள். உட்காரச் சொன்னதுமே தெரிந்துவிட்டது. ஊருக்குப் போன் செய்யவில்லை. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறதாம்.

ஜனவரி 31, சனி

மதியம் சிபி போய்விட்டான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

எழுதாமல் விட்டால் மறந்துவிடுவேன் என்று இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் ரோஸ்லின் வந்து சொன்னாள். மதியத்துக்குள் துணி கொடுக்க வேண்டும், உடுத்திவிடுவார்கள். அப்புறம் குளிர் அறை. காகிதங்கள் முடிந்ததும் துத்தநாகத் தகடு வைத்த பெட்டி. அதைச் சுற்றிலும் உலோகம் உருக்கிப் பற்றவைத்து மூடிவிடுவார்கள், ஊரிலும் திறக்கக் கூடாது. "இன்னிக்கு உடுத்தறதுதான் அங்கிள், கடைசி."

மச்சானுக்குப் போன் செய்தேன். பூங்கொடியின் அண்ணன், செல்லமுத்து. சிபிக்குத் தாய்மாமன்.

"மாப்ள, பெட்டிய அங்கயே பூட்டிப்போடுவாங்களாமா?"

"ஆமாங்க மச்சான்."

"இங்க வந்து தொறக்க உடமாட்டாங்களாமா?"

"மாட்டாங்க."

"அப்ப என்ற கோடித்துணி?"

எங்களில் கல்யாணமாகாத பிள்ளைக்குத் தாய்மாமன் வீட்டுக் கோடிதான் கடைசித் துணி. தண்ணீர் காணாத, ஒருவர் உடம்பிலும் ஏறாத, கத்தரி படாத வெள்ளை. அந்தத் துணியைப் பெற்றவன் கையால் எடுக்கக் கூடாது. அதற்கென்றே என் கடையில் கொஞ்சம் வெள்ளைத் துணி வைத்திருக்கிறேன்; கடைக்கு வருகிற முகத்தைப் பார்த்தே கோடிக்கு வந்தவர்கள் என்று கண்டுகொண்டு, வாய் திறந்து கேட்குமுன் எடுத்து நீட்டியிருக்கிறேன். அவர்களிடம் பேரம் பேசுவதில்லை. அதுதான் கடை ஒழுக்கம்.

மச்சான் மூக்கைச் சிந்துவது கேட்டது. "உடுங்க மாப்ள. என்ற பேரச் சொல்லி நீங்களே போட்டுருங்க. அந்த மயில்கண்ணு வேட்டி ஒண்ணு பூங்கொடி குடுத்து உட்டாளே, புதுசு. அதப் போட்டு உடுங்க. அது நான் எடுத்துக் குடுத்ததுதான்."

அவர் எடுத்துக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது.

அது என் இடுப்பில் ஏறி இறங்கிவிட்டது. நானே தண்ணீரில் போட்டுவிட்டேன், கொடியில் காயாமல் தொங்குகிறது. அதை மச்சானிடம் சொல்லவில்லை. "சரிங்க" என்று வைத்துவிட்டேன்.

வெளியே ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை. துணி வெட்டி விற்கிற கடைகள் இருக்கின்றனவாம், எல்லாம் மூடியிருந்தன. திறந்திருந்தவை ஆயத்த ஆடைக் கடைகள். வெளிச்சம், கண்ணாடி, தலையில்லாத பொம்மைகள். ஒரு கடையில் வெள்ளை, வெள்ளை என்று கையால் நீளம் காட்டினேன். சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு கடையில் துண்டு எடுத்துக் கொடுத்தார்கள், ஓரம் கத்தரித்து மடித்துத் தைத்தது. உலகமே பெயர் சொல்கிற ஊர். நாலு முழம் கத்தரி படாத வெள்ளைத் துணி கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் துணி விற்றவன் கையை வீசிக்கொண்டு திரும்பினேன்.

வராந்தாவில் ஆர்தூரோ உட்கார்ந்திருந்தார். கோட்டு, டை எல்லாம் வழக்கம்போல. ரோஸ்லின் முன்பே சொல்லியிருக்கிறாள். எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எதற்கு ஓடினேன் என்று கேட்டார். சொன்னேன். புதிது, தைக்காதது, தாய் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும், நான் எடுக்கக் கூடாது. ரோஸ்லின் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டார். கடைசியில் "தாய் பிறந்த வீடு" என்பதை இரண்டு தடவை கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மனைவியைக்கூடப் போய்ப் பார்க்காமல் டிராம் ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது காகிதத்தில் சுற்றிய ஒரு பொதி. பிரித்தால் வெள்ளை லினன். கல்யாணத்தின்போது இனெஸுக்கு அவருடைய தாய் வீட்டிலிருந்து ஒரு பெட்டி நிறையப் படுக்கைத் துணி வந்ததாம். இந்தப் பக்கத்தில் அது வழக்கமாம். பாதி உபயோகித்தார்கள், பாதி அப்படியே இருக்கிறது. இது தண்ணீரில் போடாதது. மடித்த இடம் மஞ்சளேறி மற்றதெல்லாம் அப்படியே வெள்ளை. கை தானாகத் தடவிப் பார்த்தது. கைத்தறி. தறியை விட்டு வந்த கஞ்சி இன்னும் போகவில்லை. கத்தரி படவில்லை, இரண்டு பக்கமும் தறிக்கரை. ஒரு மூலையில் வெள்ளை நூலால் சின்னதாக எழுத்து, இனெஸின் தாய் போட்டது.

என் வாயில் விலை கேட்கிற வார்த்தை வந்து நின்றது. விழுங்கினேன்.

"இது அந்தம்மா பொருளாச்சே. அவங்க கேட்டா?"

ரோஸ்லின் கேட்டுச் சொன்னாள். "கேட்டா திட்டுவாளாம். திட்டினா சந்தோஷம்னு சொல்றார்."

சிபியைக் கிடத்தியிருந்த அறைக்குள் என்னை விட்டார்கள். அவனுடைய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்கள். கோடியை முதலில் தாய்மாமன் கைதான் தொட வேண்டும். ஆர்தூரோவை அழைத்தேன். "மச்சான் பேரச் சொல்லி நீங்க போடணும்" என்று தமிழிலேயே சொன்னேன். ரோஸ்லின் மொழிபெயர்க்குமுன் அவர் துணியை விரித்து, அந்தப் பக்கம் நின்று சிபியின் மேல் போர்த்தினார். பிறகு நான் அதையே இரண்டாக மடித்து அவன் இடுப்பில் கட்டினேன். அகலம் அதிகம், கொசுவம் தடித்துவிட்டது. பெல்ட் இல்லாமல், ஒட்டு இல்லாமல் முடிச்சுப் போட்டுக் கட்டிய முதல் வேட்டி அவனுக்கு இதுதான். எழுத்துள்ள மூலையை வெளியே தெரியும்படி வைத்தேன். மேல் பட்டன் திறந்திருந்தது. ஆர்தூரோ அதைப் போட்டுவிட்டு, காலரை இரண்டு விரலால் நீவிச் சரிசெய்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று கிளம்புகிறோம். பெட்டி முன்னதாகவே விமான நிலையத்துக்குப் போய்விட்டது.

வேட்டி ஒருவழியாகக் காய்ந்தது. தேய்த்துக் கட்டிக்கொண்டு, சட்டைக்கு மேல் மச்சானின் கோட்டையும் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாவது கட்டிலில் வேறு யாரோ இருக்கிறார்கள். இனெஸ் அப்படியே இருக்கிறார். ஆர்தூரோ எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார். அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றேன். கண் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்னைப் பார்த்து முகம் சுளித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நிறுத்தம்வரை ஆர்தூரோ கூட வந்தார். டிராமுக்குக் காத்திருந்தோம். அவர் குனிந்து என் வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார். பிசிறு. என் கண்ணுக்கே அது படவில்லை.

டிராம் வந்தது. ஓட்டிவந்தவனைப் பார்த்தேன். கறுப்பு மெத்தை ஜாக்கெட், சவரம் செய்யாத தாடை.

இந்த நோட்டைப் படித்துக் காட்ட இனி வழியில்லை. ஆனால் வழக்கைத் தீர்க்காமல் விடக் கூடாது. ரோட்டில் போகிறவர்களைப் பற்றி நான் சொன்னதுதான் சரி, சாமி. டிராம் ஓட்டுகிறவரைப் பற்றி நீ சொன்னது சரி.